புது ஹெடருக்கு வைத்த பொட்டு

கனடாவில், ஸ்காபரோவில் இருபத்தாறு வருடம் கராஜ் நடத்திவிட்டு, போன வருடம்தான் கதவுத் திறப்பை மருமகனிடம் கொடுத்தேன். அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது எல்லாம் வென்ற கதைகள். வென்ற கதை எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும்: கார் வந்தது, திருத்தினேன், போனது. பிழை விட்ட கதையில்தான் ஏதாவது கிடைக்கும். அதனால் இதை எழுதுகிறேன்.

1. டிக் டிக்

ஜெயந்தி பாடசாலை பஸ் ஓட்டுபவர். ஐம்பதைத் தாண்டியவர். 1972 மொடல் பிக்கப் ஒன்றை வாங்கி, பெயின்ற் அடித்து, சீற் தைத்து, கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காலை அந்த பிக்கப் கராஜுக்குள் நுழையும்போதே டிக் டிக் என்று சத்தம் போட்டது. பொனற்றைத் திறந்து பார்த்தேன். எஞ்சினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் மனிபோல்ட் இரண்டிலும் வெடிப்பு. பழைய வார்ப்பிரும்பு, ஒட்டினாலும் நிற்காது. கழற்றிவிட்டு ஹெடர் போடலாம் என்றேன். ஹெடர் என்றால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு தனிக் குழாய். புகை நெரிபடாமல் போகும், எஞ்சினும் நன்றாக மூச்சு விடும்.

மூன்று வாரத்தில் மிசிசாகாவில் பழைய வாகனக் காட்சி. முந்திய வருடமும் அவர் அங்கே போயிருந்தார். இந்த டிக் டிக்கைக் கேட்டு ஒரு வெள்ளைக்காரர் கிட்ட வந்திருக்கிறார். ஜெயந்தி விளக்கத் தொடங்க, அந்த மனிதர் கையைக் காட்டி நிறுத்தி, கணவரைக் கூப்பிடுங்கள், அவரோடு பேசுகிறேன் என்றாராம். ஜெயந்தியின் கணவர் நல்ல மனிதர். ஆனால் ஒயில் எந்த மூடிக்குள் ஊற்றுவது என்று அவருக்குத் தெரியாது.

"அண்ணை, இந்த முறை பொனற்றைத் திறந்து வைச்சிட்டு நான் பக்கத்திலை நிமிந்து நிக்கோணும். எனக்கு அவ்வளவுதான் வேணும்" என்றார்.

2. அரை மணித்தியாலப் பிரசங்கம்

எனக்கு நீளக் குழாய் ஹெடரில் எப்போதும் ஒரு ஆசை. இழுவை கூடும், சத்தமும் நெஞ்சுக்குள் இறங்கும். அதன் அருமை பெருமைகளை அரை மணித்தியாலம் எடுத்துச் சொன்னேன். நான் முடித்ததும் ஜெயந்தி ஒரு ரோர்ச் லைற்றை வாங்கிக்கொண்டு பிக்கப்புக்குக் கீழே போனார். வெளியே வந்து தலையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"உது போட்டால், பிளக் மாத்தேக்கை குழாயையும் கழட்டோணுமோ?"

யோசித்துப் பார்த்தேன். இரண்டு பிளக்குக்குக் கழற்றத்தான் வேண்டும். அடுத்ததாக, ஸ்டியரிங் தண்டுக்கும் குழாய்க்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கும் என்றார். விரல் நுழையாது என்று ஒத்துக்கொண்டேன்.

"எங்கடை றோட்டிலை ஏழு ஸ்பீட் பம்ப் இருக்குது அண்ணை. கீழை தொங்கிற உங்கடை நீளக் குழாய் எத்தினையாவதிலை இடிக்கும்?"

குழாய் குட்டையான கட்டை ஹெடர் என்று முடிவானது. இழுவை கொஞ்சம் குறைவு, தொல்லை நிறையக் குறைவு. பூச்சையும் அவரே தெரிவு செய்தார். கறுப்புப் பெயின்ற் சூட்டில் உரியும், குரோம் நீலம் பாயும், ஆகவே வெள்ளி நிற செராமிக். எஞ்சினோடு பொருந்தும் தகடு தடிப்பாக இருக்கட்டும், மெல்லியது வளைந்து திரும்பவும் டிக் டிக் வரும் என்று நான் சொன்னதை மட்டும் ஏற்றுக்கொண்டார். என் மானம் அந்தத் தகட்டளவில் தப்பியது.

ஹெடர் வந்த அன்று பெட்டியைத் திறந்தால், முகம் பார்த்துச் சவரம் செய்யலாம் போல மினுங்கியது. வெறுங்கையால் யாரும் தொடக் கூடாது என்று கட்டளை போட்டேன். விரலில் உள்ள எண்ணெய் பட்டால் முதல் சூட்டிலேயே பூச்சோடு வெந்துவிடும், பிறகு போகாது. பார்க்க வந்த ஜெயந்திக்கும் கையுறை கொடுத்துத்தான் தொட விட்டேன்.

3. நல்ல நேரம்

எங்கள் கராஜில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய வேலை முடிந்தால், எஞ்சினை ஸ்ராட் செய்வதற்கு முன் புதுச் சாமானுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, முன் ரயருக்குக் கீழே ஒரு தேசிக்காய் வைப்போம். கியர் பெட்டிக்கு வைத்திருக்கிறேன், ஸ்ராட்டருக்கு வைத்திருக்கிறேன். ஒரு குறையும் வந்ததில்லை.

காட்சி ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை காலை பத்தேகாலுக்கு நல்ல நேரம் என்று ஜெயந்தி பார்த்து வந்திருந்தார். பத்து மணிக்குக் கடைசி போல்ட்டை இறுக்கினேன். ஸ்பிரிற் தொட்டு ஹெடர் முழுவதையும் துடைத்தேன். கையுறையோடு பொட்டு வைக்க முடியாது என்பதால் அதைக் கழற்றினேன். சாரதிப் பக்கக் குழாயில் வடிவாக மூன்று பொட்டு வைத்துக் கும்பிட்டுவிட்டு, ஜெயந்தியிடம் எஞ்சினைப் போடச் சொன்னேன்.

எஞ்சின் பிடித்தது. டிக் டிக் இல்லை. ஒரு சீரான உறுமல் மட்டும். சந்தோசத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

"நல்ல வாசமாக் கிடக்கு அண்ணை" என்றார் ஜெயந்தி, உள்ளே இருந்தபடி.

சந்தனம் சூட்டில் வேகும் வாசம். அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. சூடு ஆறியபின் பார்த்தால் மண்ணிறத்தில் மூன்று வட்டம், பக்கத்தில் என் பெருவிரல் ரேகை முழுதாக. கராஜில் இருந்த பொலிஷ் எல்லாம் போட்டுத் தேய்த்தேன். மண்ணிறம் இள மண்ணிறம் ஆனதுதான் மிச்சம். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த என் கையே அதைக் கெடுத்தது. உண்மையில் அழுகை வந்தது. என் செலவில் புதிதாக எடுத்துத் தருகிறேன், ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் வராது என்றேன்.

ஜெயந்தி நெடுநேரம் குனிந்து பார்த்தார். "எடுக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நீங்களும் வாங்கோ" என்றார். தண்டனை என்று நினைத்துக்கொண்டு போனேன்.

4. மிசிசாகா

திறந்த பொனற்றுக்குச் சாரதிப் பக்கமாக, பொட்டை மறைத்துக்கொண்டு நின்றேன். மத்தியானம் போன முறை வந்த அதே மனிதர் வந்தார். ஜெயந்தி முழங்கையால் இடித்துக் காட்டியதில்தான் அவர் என்று தெரிந்தது. சத்தம் நின்றுவிட்டதே என்று எட்டிப் பார்த்தவர், என் இடுப்புக்குப் பக்கத்தால் அடையாளங்களைக் கண்டு, இது என்ன என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஜெயந்தி சொன்னார். பொட்டு, என் மெக்கானிக் கும்பிடாமல் எஞ்சினைப் போட விடமாட்டார் என்று, கூச்சமில்லாமல், தெளிவான ஆங்கிலத்தில்.

அந்த மனிதர் சிரித்தார். சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பி, ஏன் நீளக் குழாய் போடவில்லை என்று கேட்டார். பதில் என் நுனி நாக்கில் இருந்தது. இத்தனை வருடத் தொழில் அல்லவா? விழுங்கிக்கொண்டேன். நான் பொட்டு வைத்த ஆள் மட்டும்தான், தெரிவு செய்தவர் இவர், இவரைக் கேளுங்கள் என்றேன்.

ஜெயந்தி பிளக்கில் தொடங்கினார். ஸ்டியரிங், ஸ்பீட் பம்ப், தகட்டுத் தடிப்பு என்று போனது. ஒரு கட்டத்தில் அந்த மனிதர் ரோர்ச் லைற்றோடு முழங்காலில் நின்று, ஜெயந்தி காட்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழும்பியதும் ஹெடரின் மொடல் இலக்கத்தைக் கேட்டு ஒரு பழைய ரசீதின் பின்பக்கத்தில் எழுதினார். ஜெயந்தி பக்கத்தில் நிமிர்ந்து நின்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு ஒரு யோசனை. முதல் நாள் நானும் ஜெயந்தியிடம் ஒன்றும் கேட்காமல்தான் அரை மணித்தியாலம் பேசினேன். கணவரைக் கூப்பிடு என்று சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதற்குப் பிறகு யார் வண்டி கொண்டுவந்தாலும், எந்த றோட்டில் ஓடுகிறீர்கள், என்ன தொல்லைப்படுகிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் சாமானைப் பற்றி வாய் திறந்தேன். பொட்டு வைப்பதை நிறுத்தவில்லை. முன் கண்ணாடிக்கு வைத்தேன்.