வெள்ளிக்கிழமை வெட்டிய சவுக்காரம்

தண்ணீருக்குள் காஸ்டிக் சோடாவைப் போட்டதும் எழும்பும் ஆவியில் கண் எரியும், தொண்டை கரகரக்கும், நெருப்பே மூட்டாத எனாமல் சட்டி தொட முடியாதபடி சுடும். புத்தூரில் எங்கள் கிணற்றடியில் அம்மா முதன்முதலாகச் சவுக்காரம் செய்தபோது, நாங்கள் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு வேலியோரம் ஒதுங்கி நின்றோம்.

எழுபதுகளின் தொடக்கம் அது, எல்லாச் சாமானுக்கும் தட்டுப்பாடு. சங்கக்கடை வரிசையில் நின்று கால் உளைந்ததுதான் மிச்சம், சோப் என்று ஒரு சவுக்காரக் கட்டி கண்ணில் படாது. ஆறு மாதத் தம்பிக்கோ உடம்பெல்லாம் வேர்க்குரு. பயற்றம் மாவுக்கும் அது தணியவில்லை. வேப்பெண்ணெய் கலந்த சவுக்காரம் போட்டால் மாறிவிடும் என்று அம்மா நம்பினார்.

உடுவிலில் படிப்பித்துக்கொண்டிருந்த பெரியம்மா ஒரு கொப்பி ஒற்றையில் முறையை எழுதிக் கொடுத்திருந்தார். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றாதே, தண்ணீரில்தான் சோடாவைப் போடு. அலுமினியச் சட்டி கூடாது. வார்த்த பிறகு ஒரு மாதம் காய விடு. கடைசியாக நாக்கு நுனியில் வைத்துப் பார், சுரீரென்று "கடித்தால்" சோடா மிச்சம் இருக்கிறது, உடம்பில் பூசாதே. அந்தக் கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு.

அம்மா ஒவ்வொன்றையும் அப்படியே செய்தார். தேங்காயெண்ணெய் மட்டும் எழுதியிருந்த அளவுக்குக் கிடைக்காமல் கால்வாசி குறைந்துபோனது. எண்ணெய் குறைந்தால் சோடாவையும் குறைக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாருக்குத் தெரியும்? வெங்காயத் தோட்டத்திலிருந்து வந்த அப்பா சட்டியை எட்டிப் பார்த்து, "இவ பெரிய பக்டரியெல்லோ துறந்திட்டா!" என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனார்.

ஒரு மாதம் கழித்துக் கட்டிகளை வெட்டிய நாள் பார்த்து வெள்ளிக்கிழமையாகப் போயிற்று. அம்மாவுக்கு விரதம். விரத நாளில் கறிக்குக்கூட உப்புப் பார்க்காத மனுஷி, சவுக்காரத்தையா நாக்கில் வைப்பார்? சனிக்கிழமை வரை பொறுத்திருக்கலாம். ஆனால் தம்பி சொறிந்து சொறிந்து அழுதுகொண்டிருந்தான்.

"பிள்ளை, நான் இண்டைக்கு வாயில ஒண்டும் வைக்கேலாது. நீ ஒருக்கா நாக்கு நுனியில வைச்சுப் பார்."

எனக்குப் பத்து வயது. ஒழுங்கையில் கெந்தி விளையாட என் சிநேகிதிகள் காத்திருந்தார்கள். வேப்பெண்ணெய் நாற்றம் வேறு. நாக்கை நீட்டினேன், அது கட்டியில் படவில்லை.

"கடிக்குதோ?"

"இல்லையம்மா, கடிக்கேல்லை."

"வடிவா வைச்சுப் பாத்தனியே?"

"ஓம் அம்மா."

நான் விளையாடப் போய்விட்டேன். அம்மா அந்தச் சவுக்காரம் போட்டுக் குளிப்பாட்ட, தம்பி கத்திய சத்தம் ஒழுங்கை முடக்குவரை கேட்டது. ஓடிவந்து பார்த்தால், அம்மா வாளி வாளியாகக் கிணற்றுத் தண்ணீரை அள்ளி அவன் முதுகில் ஊற்றிக்கொண்டிருந்தார். முதுகு செக்கச் செவேலென்று இருந்தது. "என்ரை பிள்ளையை நானே பொசுக்கிப் போட்டனே" என்று அம்மா அழுதார். என்னை நிமிர்ந்தும் பாராமல் அடுத்த வாளியை அள்ளினார். அடித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

தம்பிக்கு ஒரு கிழமையில் ஆறிவிட்டது. ஆனால் எண்ணெயைக் கொட்டிச் செய்ததை எறிய மனமில்லாமல், மிச்சக் கட்டிகளால் அம்மா எங்கள் உடுப்புகளைத் தோய்த்தார். விரல்கள் வெடித்தன. காரக் கறியைச் சோற்றில் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டார். எங்கள் வீட்டில் கரண்டியால் சோறு தின்ற ஒரே ஆள் அவர்தான். என் பள்ளிக்கூடச் சட்டை மட்டும் அந்தக் காலத்தில்போல் ஒருநாளும் வெள்ளையாக இருந்ததில்லை. கடைசிக் கட்டி கரையும்வரை அந்தக் கரண்டியைப் பார்த்துக்கொண்டே நானும் சாப்பிட்டேன். நான் நாக்கில் வைக்கவேயில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. பிறகு அம்மா எத்தனையோ வருடம் இருந்தும் சொல்லவில்லை.

இப்போது அந்தக் கிணறு தூர்ந்துவிட்டது, அம்மாவும் போய்விட்டார். என் குளியலறையில் ஐந்து வகைச் சவுக்காரம் கிடக்கிறது. புதிதாக ஒன்றைப் பிரிக்கும்போதெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு நாக்கு நுனியில் வைத்துப் பார்க்கிறேன். என்ன செய்ய, அலுத்துப்போனாலும் விட முடியவில்லை. வடிவாய்ப் பார்த்துவிட்டேன் அம்மா, கடிக்கேல்லை. அதைக் கேட்கத்தான் ஆளில்லை.