இருமல் நாற்பத்தொன்று

காதை வைத்துப் பிழைக்கிறவன் நான். சினிமாவுக்கு ஒலிப்பதிவு செய்வது தொழில். பதிவறையில் ஒரு கொசு பறந்தால்கூட, டேக்கை நிறுத்திவிட்டு அதைத் தேடச் சொல்வேன். அப்படிப்பட்ட நான், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு மனுஷர் நிஜமாகவே நோயில் இருமியதை வாரக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டது மட்டுமா? ஒவ்வொரு இருமலுக்கும் "அருமை" என்று பாராட்டினேன். என் காதைத் திருகிவிட வேண்டும் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

அவரை ஸ்டுடியோவில் எல்லாரும் சத்தண்ணன் என்போம். படத்தில் நீங்கள் கேட்கிற காலடி, கதவு, கன்னத்தில் விழும் அறை எல்லாம் படப்பிடிப்பிலேயே பதிவானவை என்று நினைத்தால், உங்களுக்கு வெள்ளை மனசு. பாதிக்கு மேல் சத்தண்ணன் ஒரு சின்ன அறையில் தனியாக நின்று உண்டாக்கியவை. தரையில் மணல் பெட்டி, சரளைப் பெட்டி, மரப்பலகை, நாலைந்து ஓடு. சுவர் ஓரமாக நாற்பது ஜோடி செருப்பும் ஷூவும். திரையில் கதாநாயகி நடந்தால், ஐம்பத்தாறு வயதுச் சத்தண்ணன் குதிகால் செருப்பை மாட்டிக்கொண்டு, இடுப்பில் கை வைத்தபடி அவளோடு நடப்பார். வில்லனுக்கு விலா எலும்பு முறிய வேண்டுமானால் ஒரு கேரட்டை ஈரத்துணியில் சுற்றி முறுக்குவார். பிறகு அதைக் கழுவித் தின்றும்விடுவார். "இந்த வில்லன் இனிக்கிறான் தம்பி" என்பார்.

வீட்டிலும் இதே கூத்துதான். படியில் நொண்டி நடப்பார், கதவை விதவிதமாகச் சாத்திப் பார்ப்பார். ஒருநாள் குளியலறைக்குள் நின்று, கத்திக்குத்து வாங்கியவன் போல முனகிப் பழகியிருக்கிறார். அண்ணி வெளியிலிருந்து, "சாகறவன் இவ்வளவு நேரம் கத்தமாட்டான். சாப்பிட வாங்க" என்றாராம். இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில், புருஷன் எழுப்பும் எந்தச் சத்தத்துக்கும் திரும்பிப் பார்க்காமல் இருக்கப் பழகிவிட்டார் அண்ணி. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

அப்போதுதான் அந்த உளவாளிப் படம் வந்தது. நாயகன் ஒரு ரகசிய ஏஜென்ட். நுரையீரலை நோய் அரித்துவிட்டது, ஆயுள் ஆறு வாரம். தன்னைக் காட்டிக் கொடுத்தவனைப் பழிவாங்காமல் சாகமாட்டேன் என்று நாடு நாடாகப் போகிறான். சுடுகிறான், இருமுகிறான், ரயில் ஏறுகிறான், இருமுகிறான். இடையில் காதல் வேறு.

பேசவேண்டியதையெல்லாம் நடிகர் பேசிக் கொடுத்துவிட்டார். இருமமாட்டேன் என்று மட்டும் ஒற்றைக் காலில் நின்றார். இருமினால் தொண்டை கெட்டுவிடும் என்பது சாக்கு. நோயாளி மாதிரி இருமினால் நோய் வந்து ஒட்டிக்கொள்ளும் என்கிற பயம்தான் உண்மை. எங்கள் தொழிலில் இது சகஜம். மூச்சு, முனகல், விக்கல், இருமல் என்று நட்சத்திரங்கள் வேண்டாமென்று ஒதுக்குவதெல்லாம் சத்தண்ணன் தலையில்தான் விழும்.

இயக்குநருக்கு அது முதல் படம். "நோய் முத்த முத்த இருமலும் மாறணும் சார். அதனால கதை போற வரிசையிலேயே எடுத்துடலாம்" என்றார். நல்ல யோசனைதான். எடிட்டிங் முடிந்து படம் பகுதி பகுதியாக வரவர, நாலு மாதத்தில் அறுபத்து மூன்று இருமல் பதிவு செய்தோம். 'இருமல் ஒன்று' வெறும் கனைப்பு. இருபதில் கொஞ்சம் கரகரப்பு. நாற்பதைத் தாண்டியதும் எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

"அண்ணே, எங்கேருந்து புடிக்கிறீங்க இதை?"

"அதுவா வருது தம்பி" என்றார் சத்தண்ணன்.

அவர் உண்மையைத்தான் சொன்னார். நான் அதைத் தன்னடக்கம் என்று நினைத்தேன். மைக்கை அணைத்த பிறகும் நடைபாதையில் நின்று இருமுவார். அடுத்த டேக்குக்குப் பழகுகிறார் என்று விட்டுவிட்டேன். பேன்ட் இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டார். "பாத்திரத்துக்காக உடம்பைக் குறைக்கிறீங்களா?" என்று கிண்டல் செய்தேன். வீட்டிலும் அதே கதைதான். அவர் இருமுவார், அண்ணி "எத்தனாவது ரீலு?" என்று கேட்பார். அவரே கூட, வேலையால் வந்த தொண்டைக் கமறல், படம் முடிந்தால் போய்விடும் என்று நம்பியிருந்தார்.

படம் வெளியானது. அன்றே படுத்துவிட்டது. பின்பாதியில் இசையே வேண்டாம், காலடியும் இருமலும் மட்டும் போதும் என்று இயக்குநர் பிடிவாதம் பிடித்திருந்தார். அதற்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டார். 'ஏஜென்ட்டுக்கு ஆறு வாரம் இருக்கிறது, நமக்குத்தான் இடைவேளை வரை தாங்கவில்லை' என்று ஒருவர் எழுதினார். 'படத்தில் உருப்படியாக நடித்தது இருமல் ஒன்றுதான்' என்று இன்னொருவர். சத்தண்ணன் அந்த விமர்சனத்தைக் கத்தரித்துப் பதிவறைக் கதவில் ஒட்டினார். ஒட்டி முடிப்பதற்குள் இரண்டு முறை இருமினார்.

அவருக்கு ஒரு தங்கை. ஊரின் மறுகோடியில் ஒரு மருத்துவமனையில், நெஞ்சு நோய் வார்டில் இருபத்திரண்டு வருஷமாக நர்ஸ். அண்ணன் வேலை செய்த படத்தைத் தியேட்டரில் பார்த்துவிடுவது அவர் வழக்கம். அவர் போன பகல் காட்சியில் மொத்தம் பதினோரு பேர். விசில் இல்லை, கைதட்டல் இல்லை, இசையும் இல்லை. பின்பாதி முழுக்க அண்ணனின் இருமல் மட்டும் அந்தக் காலி அரங்கில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

மறுநாள் காலை, வார்டுச் சீருடையோடு நேராக ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டார். சத்தண்ணன் அப்போது வந்திருக்கவில்லை.

"சார், அந்த இருமலையெல்லாம் ஒண்ணுலேருந்து போட்டுக் காட்டுங்க."

"எதுக்கு சிஸ்டர்?"

"போடுங்க, சொல்றேன்."

போட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பத்து, இருபது, முப்பது போயிற்று. முகத்தில் ஒன்றும் இல்லை. நாற்பத்தொன்றில் கையைத் தூக்கினார்.

"இங்கேருந்துதான். இதுக்கு முன்னாடி இருந்ததெல்லாம் தொண்டையில வர்றது. இது உள்ளேருந்து வருது. இதை எப்ப எடுத்தீங்க?"

கோப்பில் தேதி இருந்தது. இரண்டரை மாதம் முந்தியது. அந்த இரண்டரை மாதமும் ஒன்றரை கை தூரத்தில், காதில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருந்தது நான்தான். தேதியை இன்னொரு தடவை பார்த்தேன்.

"பயப்படாதீங்க சார். ஆனா இதை இப்படியே விடக் கூடாது" என்றார். அப்படிச் சொன்ன அவருடைய குரல்தான் நடுங்கியது.

சத்தண்ணன் வந்ததும், அவரை ஒரு வார்த்தை பேசவிடாமல் வண்டியில் ஏற்றினோம். எக்ஸ்ரேயில் வலது பக்கம் ஒரு நிழல் தெரிந்தது. டாக்டர் அதை வெளிச்சத்தில் வைத்து நீண்ட நேரம் பார்த்தார். "ரெண்டு மூணு விதமா இருக்கலாம். டெஸ்ட் எல்லாம் வரட்டும்" என்றார். அந்த 'ரெண்டு மூணில்' ஒன்று என்ன என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சத்தண்ணனின் அப்பா நுரையீரல் புற்றில்தான் போனார்.

ஐந்து நாள் காத்திருந்தோம். அண்ணி மாய்ந்து மாய்ந்து அழுதார். "எத்தனாவது ரீலுன்னு கேட்டேனே, பாவி நான்" என்று தலையில் அடித்துக்கொண்டார். பெல்ட் ஓட்டையைப் பார்த்து நான் செய்த கிண்டலை யாரிடமும் சொல்லவில்லை. ஆறாம் நாள் சத்தண்ணனிடம் தனியாகச் சொன்னேன்.

"அண்ணே, நான் கேட்டிருக்கணும். என் வேலையே அதுதான்."

"அட போப்பா. என் நெஞ்சு, எனக்கே தெரியலை. நீ என்ன பண்ணுவே?" என்றார். பிறகு, "பயமா இருக்கு தம்பி" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அன்று மத்தியானம் டாக்டர் கூப்பிட்டார். "டி.பி.தான். ஆரம்பம். ஆறு மாசம் ஒருநாள் விடாம மாத்திரை போட்டா முழுசா குணமாயிடும்."

"அப்ப வேற எதுவும் இல்லையா டாக்டர்?" என்று அண்ணி கேட்டார்.

"வேற எதுவும் இல்லைம்மா."

காசநோய் என்று கேட்டுக் கையெடுத்துக் கும்பிட்ட குடும்பத்தை அந்த டாக்டர் அதற்கு முன் பார்த்திருக்கமாட்டார். அண்ணி அழுதுகொண்டே சிரித்தார். தங்கை சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சத்தண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "வெறும் டி.பி. தம்பி, வெறும் டி.பி." என்று, பரிசு விழுந்தவர் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் அண்ணிக்கும் பரிசோதனை செய்தார்கள். எங்களுக்கு ஒன்றும் இல்லை. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

இயக்குநரிடம் விஷயத்தைச் சொன்னேன். படம் ஓடியிருந்தால் அந்த விசில் சத்தத்தில் இருமல் யார் காதிலும் விழுந்திருக்காது என்றேன். பாவம், தாடியும் கீடியுமாக இருந்தவர், வெளியீட்டுக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தார். "அப்ப அந்த இசையை எடுத்தது சரிதானே சார்?" என்றார். சரிதான் என்று சத்தியம் செய்து கொடுத்தேன்.

ஆறு மாதம் சத்தண்ணன் மாத்திரையைத் தவறவிடவில்லை. தவறவிட அண்ணியும் தங்கையும் விட்டால்தானே? கடைசிப் பரிசோதனைக்கு நாங்கள் நாலு பேருமே போனோம். அங்கே ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்து, "ஆழமா இருமி, சளி எடுத்துக் குடுங்க" என்றார்கள்.

சத்தண்ணன் ஜன்னலோரம் போய் நின்று இருமினார். மறுபடி இருமினார். முதுகை வளைத்து, நெஞ்சைப் பிடித்து, தெரிந்த வித்தையெல்லாம் காட்டினார். டப்பாவில் ஒன்றும் இல்லை. "வர மாட்டேங்குதே" என்று, தப்பு செய்தவர் போல எங்களைப் பார்த்தார்.

"இன்னொரு தடவை இருமுண்ணா" என்றார் தங்கை, கண்ணை மூடிக்கொண்டு.

இருமினார்.

"நடிக்கிறான்" என்றார் தங்கை. சொல்லி முடிப்பதற்குள் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதுவிட்டார். அண்ணி அவரை அணைத்துக்கொண்டார்.

இந்தத் தடவை நானும் காதைக் கொடுத்துத்தான் கேட்டேன். காய்ந்த இருமல். தொண்டையோடு நின்றுவிட்டது, உள்ளே ஒன்றுமே இல்லை.

"அண்ணே, இதை வெச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது. முப்பது வருஷத்துல இவ்வளவு மோசமான இருமலை நான் கேட்டதே இல்லை" என்றேன்.

சத்தண்ணனுக்கு வாயெல்லாம் பல்.