மில் சத்தத்தில் ஒரு பாட்டு

சினிமாவில் அப்பாவாகவும் ஏட்டையாவாகவும் நடித்த பெரியவர் ஒருவரைப் பற்றி ஆவணப்படம் எடுக்க ராஜபாளையம் போயிருந்தேன். நன்றாகப் பாடுவார் என்று கேள்வி. அவர் வீட்டுக்கு எதிரே இருந்த நூல் மில்லின் இரைச்சல் மைக்கில் விழக்கூடாதென்று ஜன்னல்களை அடைத்துவிட்டுப் பாடச் சொன்னேன். எத்தனையோ கேமராக்களைப் பார்த்த மனிதர், இரண்டு வரியிலேயே கூச்சப்பட்டு நிறுத்திவிட்டார்.

“ஜன்னலத் தொறங்க தம்பி. சினிமாவுக்குப் போறதுக்கு முன்னால அந்த மில்லுலதான் வேல பாத்தேன். மிஷினு ஓடுத சத்தத்துல எவனுக்கும் கேக்காதுன்னுதான் பாடவே ஆரம்பிச்சேன்.”

எரிச்சலோடுதான் திறந்தேன். இரைச்சல் உள்ளே வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டேன்.

பாட்டு தெளிவாகக் கேட்கவில்லை என்று படம் பார்த்தவர்கள் குறை சொல்கிறார்கள். எடிட்டிங்கில் இரைச்சலை நீக்க வசதி இருந்தது. அந்த ஜன்னலை மறுபடியும் அடைக்க எனக்குத்தான் மனம் வரவில்லை.