இடது முன்னங்கால்

இது நடந்தது. எனக்குத்தான் நடந்தது. நம்பாதவர்கள் நேரில் வரட்டும், என் வலது ஆள்காட்டி விரலைக் காட்டுகிறேன். முதல் கணுவுக்குக் கீழே துணி நெசவின் கோடு மோதிரம் மாதிரி பதிந்திருக்கிறது. சோப்புப் போட்டாலும் போகாது. போட்டுப் பார்த்தாகிவிட்டது.

பந்தயக் குதிரை லாயத்தில் எனக்குப் பதினோரு வருஷ வேலை. சாணி அள்ளுவது, உடம்பு தேய்த்துவிடுவது, சாயங்காலம் நாலு காலுக்கும் பேண்டேஜ் சுற்றுவது, விடியற்காலை நாலு மணிக்கு அதை அவிழ்த்துக் குதிரையை ஓட்டத்துக்கு அனுப்புவது. பேண்டேஜ் சுற்றுவது பார்க்க எளிது. காலைச் சுற்றிப் பஞ்சு, அதன் மேல் துணி, கடைசியில் வெல்க்ரோ ஒட்டு. முடித்ததும் ஆள்காட்டி விரலை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். விரல் போனால் சரி. போகாவிட்டால் இறுக்கம், பின்பக்கம் ஓடும் நரம்பு கெட்டுவிடும். இன்னொன்று, ஈரத் துணியைச் சுற்றவே கூடாது. சுற்றும்போது விரல் தாராளமாகப் போகும். ராத்திரி காயக் காயத் துணி சுருங்கி இறுக்கும். இதை எனக்குச் சொன்னவர் மாமா.

மாமா என்றால் அக்காவின் புருஷன். இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். ஏழாம் கொட்டடியில் இருந்த செவலைக் குதிரை அவர் பொறுப்பு. பக்கத்தில் ஆறாம் கொட்டடியில் என் கருப்புக் குதிரை. ஒரு மழை நாளில் அக்காவுக்குக் காய்ச்சல் கொதித்தது. டாக்டரிடம் கூட்டிப்போக மாமா சீக்கிரமே கிளம்பினார், ட்ரெய்னருக்குத் தெரியாமல்.

"மாப்ள, செவலைக்கு நீ கட்டிடு. இடது முன்னங்கால் கொஞ்சம் சூடா இருக்கு. பாத்து."

"நீங்க போங்க மாமா. நான் பாத்துக்கறேன்."

நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன்! கொடியில் மூன்று துணிதான் காய்ந்திருந்தது. நாலாவது சில்லென்று இருந்தது. இஸ்திரி போட்டால் பத்து நிமிஷம். ஆனால் டிவியில் மேட்ச் ஆரம்பித்துவிட்டது. ஈரத் துணியையே இடது முன்னங்காலில் சுற்றினேன். விரல் விட்டேன். போனது. வீட்டுக்கு ஓடினேன். அந்த மேட்சில் யார் ஜெயித்தார்கள் என்றுகூட இன்று எனக்கு நினைவில்லை.

காலையில் செவலை மூன்று காலில் நின்றது. குதிரை டாக்டர் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இனி ஓடாது என்று மதியம் ஊசி போட்டுக் கொன்றுவிட்டார்கள். ட்ரெய்னர் எங்கள் எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார்.

"யார் கட்டுனது?"

"மாமாதாங்க."

வாய் தவறி வந்துவிட்டது என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தவறியெல்லாம் வரவில்லை. தெளிவாகத்தான் சொன்னேன். மாமா என்னை ஒரே ஒரு தடவை பார்த்தார். உண்மையைச் சொன்னால் இரண்டு பேர் வேலையும் போகும். அவர் இல்லை என்று சொல்லவே இல்லை. சாயங்காலமே அவர் சீட்டு கிழிந்தது.

செவலையின் பேண்டேஜ் சிவப்பு. நாலையும் அதோடு சேர்த்தே குழியில் போட்டு மூடினோம். மண் தள்ளியவர்களில் நானும் ஒருவன். அன்றோடு அக்கா என்னிடம் பேசுவதை நிறுத்தினாள். போன் எடுக்கவில்லை. வாசலுக்குப் போனால் கதவைச் சாத்தினாள். நான் மட்டும் சம்பளம் வாங்கிக்கொண்டு மூன்று வேளையும் வயிறாரத் தின்றேன்.

அதிலிருந்து நாற்பத்திரண்டாவது நாள்.

விடியற்காலை மணி நாலு பத்து. சரியாகச் சொல்ல முடியும், ஏனென்றால் அப்போதுதான் செல்போனைப் பார்த்துச் சட்டைப் பையில் போட்டேன். நடைக் கோடியில் ஒரே ஒரு பல்பு. ஆறாம் கொட்டடியில் குந்தி உட்கார்ந்து கருப்பனுக்குப் பேண்டேஜ் அவிழ்த்தேன். நாலு கால். நாலு தடவை வெல்க்ரோ பிரியும் சத்தம். நீலத் துணிகளைச் சுருட்டிக்கொண்டு எழுந்தேன்.

சர்ர்ர்க்.

பக்கத்தில் இருந்து வந்தது. ஏழாம் கொட்டடி. அது காலி. புதுக் குதிரை இன்னும் வரவில்லை.

சர்ர்ர்க்... சர்ர்ர்க்...

மூன்று. நாலாவதுக்காகக் காது தானாகவே காத்திருந்தது. வரவில்லை. அதற்குப் பதில் ஒரு குளம்பு வைக்கோலை உதைக்கும் சத்தம் கேட்டது. காலை ஊன்ற முடியாத குதிரை அப்படித்தான் உதைக்கும்.

கருப்பன் சுவரோடு ஒட்டிக்கொண்டான். அவன் காது இரண்டும் பின்னால் படுத்துவிட்டது.

யாரோ குதிரையை மாற்றிக் கட்டியிருப்பார்கள் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தேன். வெளித் தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. திறந்தேன்.

உள்ளே குதிரை இல்லை.

வைக்கோல் நடுவே சிவப்பாக ஒன்று நின்றது. பேண்டேஜ். கிடக்கவில்லை... நின்றது. காலில் சுற்றினால் எப்படி இருக்குமோ அப்படி, வட்டமாக, விறைப்பாக. உள்ளே கால் மட்டும் இல்லை.

மற்ற மூன்றும் எங்கே? தெரியாது.

ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. பதினோரு வருஷப் பழக்கம் என்னைக் குந்த வைத்தது. ஆள்காட்டி விரலை உள்ளே விட்டேன்.

போனது.

துணி ஈரம். உள்ளே... சூடு.

விரலுக்கு எதிரே ஏதோ துடித்தது. டுப்... டுப்... டுப்...

கையை இழுத்தேன். வரவில்லை.

துணி காய்ந்துகொண்டிருந்தது. என் கண் முன்னால். சுருக்கம் சுருக்கமாக...

இறுகியது.

இன்னும் இறுகியது.

பிடரியில் ஒரு மூச்சு. வெதுவெதுப்பாக.

"மாமா..." என்றேன். ஏன் அவரைக் கூப்பிட்டேனோ!

இடது கையால் துழாவினேன். ஒட்டு அகப்பட்டது. பிய்த்தேன்.

சர்ர்ர்க்.

துணி பொத்தென்று சரிந்தது. என்னைத் தாண்டிக் குளம்புகள் நடந்து போயின. டக்... டக்... டக்... பிறகு ஓர் இடைவெளி. டக்... டக்... டக்... இடைவெளி.

மணி நாலு பதினேழு. வாட்ச்மேன் டார்ச்சோடு வந்தான். கீழே கிடந்ததைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது.

"இதத்தான் அன்னிக்கே புதைச்சோமே?"

துணியைப் பையில் திணித்துக்கொண்டு நேராக மாமா வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லிக் காலில் விழுந்துவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். அக்கா திரும்பப் பேசினால் போதும் என்று இருந்தது. கதவு திறந்தே கிடந்தது. யாரும் வா என்று சொல்லவில்லை. பின்கட்டுக்குப் போனேன்.

கொடி முழுக்கச் சிவப்பு பேண்டேஜ். சுவருக்குச் சுவர் நாலு வரிசை. என் கண் தானாக எண்ணியது. நாற்பத்தொன்று.

மாமா படியில் உட்கார்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் என் விரலைப் பார்த்துவிட்டார். தன் வலது கையை நீட்டிக் காட்டினார். ஆள்காட்டி விரல் கருத்துச் சூம்பிப் போயிருந்தது. நகம் இல்லை.

"நாலு பத்துதான?"

"ஆமா மாமா."

"இங்க தினமும் வந்துச்சு. அவுத்து விட்டாத்தான் போகும். சரி, வாயில்லா ஜீவன்னு அவுத்து விட்டேன். துணிய மட்டும் போட்டுட்டுப் போயிடும்."

"என்கிட்ட ஏன் மாமா சொல்லல?"

"சொன்னா நீ என்ன பண்ணியிருப்ப?"

மேட்ச் பார்த்திருப்பேன். அவருக்கும் அது தெரியும்.

"அப்ப இன்னிக்கு மட்டும் ஏன் அங்க..."

"நேத்து வந்தப்ப சொல்லிட்டோம். எங்களால முடியல, கட்டுனவன்கிட்டயே போன்னு."

"யாரு சொன்னது? நீங்களா?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அடுப்படியில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. அக்கா வாசல்படிக்கு வந்தாள். நாற்பத்திரண்டு நாளுக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"நான்தான் சொன்னேன்" என்றாள். "வழியும் நான்தான் சொன்னேன்."

நான் பையிலிருந்து அந்தத் துணியை எடுத்துக் கொடியில் போடப் போனேன். அவள் அதை வாங்கி மறுபடியும் என் கையிலேயே வைத்தாள்.

"இது உன்னோடது. உன் வீட்டுல காயப்போடு."

அதுதான் அக்கா என்னோடு கடைசியாகப் பேசியது. மறுநாளே ட்ரெய்னரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாமாவைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டார்கள். அந்த விரலை வைத்துக்கொண்டு எந்தக் குதிரைக்குக் கட்டுவது என்று அவர் வரவில்லை. எனக்குச் சீட்டு கிழிந்தது. இப்போது வீட்டில்தான் இருக்கிறேன். குதிரையும் இல்லை, லாயமும் இல்லை.

அதற்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. இன்றோடு ஒன்பது துணி. ஒவ்வொன்றையும் இஸ்திரி போட்டு மொறமொறவென்று காயவைத்து மடித்து வைக்கிறேன். நாலு பத்துக்கு வருவது மட்டும் ஈரமாகவேதான் வருகிறது.