கோழிக்குக் கேட்ட சோறு

அம்மி கழுவிய தண்ணீரைத் தேவகிருபையம்மாள் தரையில் விடுவதில்லை. மசாலையை வழித்து எடுத்த பிறகு ஒரு கை தண்ணீர் தெளித்து, அம்மியையும் குழவியையும் விரலால் துடைத்து, அந்தச் சிவப்புத் தண்ணீரைக் குழம்புச் சட்டியில் சேர்ப்பார். பிறகு இன்னொரு கை தெளிப்பார். அதுவும் சட்டிக்குத்தான் போகும். மூன்றாவது கை தெளித்தால் அம்மியே கரைந்து குழம்புக்குள் போய்விடும் என்று ஒரு நாள் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து சொன்னேன்.

"கரைஞ்சா நல்லதுதான் அண்ணாச்சி, மசாலை மிச்சம்" என்றார், தலையைத் திருப்பாமலே.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் இரு வீட்டுப் புழக்கடைகளுக்கும் நடுவில் இருப்பது மார்பளவுச் சுவர். நான் பள்ளிக்கூட வாத்தியார். மிச்ச நேரத்தில் மனிதர்களைக் கவனித்துப் பத்திரிகைகளுக்கு எழுதுகிறவன். அதனால் அந்தச் சுவர் எனக்குப் பெரிய உபகாரம். தேவகிருபைக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். நெட்டையான, ஒல்லியான உடம்பு. நடக்கும்போதே தரையைப் பார்த்துக்கொண்டு நடப்பார். கீழே கிடப்பது சுள்ளியானால் குனிந்து எடுத்து முந்தானையில் செருகிக்கொள்வார். கணவர் எலியேசர் பட்டாளத்தில் லாரி ஓட்டுகிறார். அஸ்ஸாம் பக்கம் இருப்பதாகக் கேள்வி. கடிதம் வருகிற அன்று வருகிறது. வீட்டில் மூன்று பெண் பிள்ளைகள்.

பீர்க்கங்காய் வாங்கினால் அந்த வீட்டில் இரண்டு நாள் சமையல் நடக்கும். முதல் நாள் காய், மறுநாள் தோல் துவையல். வாழைக்காய்த் தோலைப் பொடியாக அரிந்து வதக்கிவிடுவார். வடித்த கஞ்சியில் பாதிக்கு உப்புப் போட்டுப் பிள்ளைகள் குடிப்பார்கள். மீதி பாவாடைக்குக் கஞ்சிப் பசையாகும். கரைத்த புளியின் சக்கையைக்கூட எறியமாட்டார். வீட்டுப் பித்தளையெல்லாம் பளபளவென்றிருப்பது அந்தச் சக்கையால்தான். தீக்குச்சிக்குத் தட்டுப்பாடு வந்த நாளிலிருந்து கொட்டாங்கச்சியை எடுத்துக்கொண்டு எங்கள் அடுப்புக்குத் தணல் வாங்க வருவார். வரும்போது எங்கள் அடுப்பில் விறகு வீணாக எரிந்துகொண்டிருந்தால் கேட்காமலே ஒரு கட்டையை வெளியே இழுத்துவிட்டுப் போவார்.

மம்சாபுரத்திலிருந்து கீரைக்கூடை சுமந்து வரும் வெள்ளத்தாய்க்கும் அவருக்கும் தினமும் ஒரு வழக்கு உண்டு.

"வேரை ஏன் ஒடிச்சுப் போடுத? அப்படியே குடு."

"வேரை என்ன செய்யப் போறிய யக்கா? மண்ணுல்லா ஒட்டியிருக்கு."

"மண்ணு கத்தரிச் செடிக்கு. வேரு ரசத்துக்கு."

"எம்மாடி! இன்னும் செத்த நேரம் நின்னா என் கூடையையும் அரிஞ்சு வதக்கிருவிய போலிருக்கே" என்பாள் வெள்ளத்தாய். இருவரும் சிரிப்பார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் நானும் சிரித்து, நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்வேன்.

இப்படி எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கிற கை ஒரே இடத்தில்தான் தாராளமாக விரியும். எங்கள் சபையில் பெண்கள் பிடியரிசி எடுத்து வைப்பது வழக்கம். உலை வைக்கும்போதெல்லாம் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியாக ஒரு கலயத்தில் போடுவார்கள். அது கர்த்தருக்கு. பசித்தாலும் விருந்தாளி வந்தாலும் அதில் கை வைக்கக் கூடாது. மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒவ்வொருவராக வந்து பீடத்துக்கு முன்னால் இருக்கிற பெரிய செப்புக் கடாரத்தில் கொட்டுவார்கள். அது சபையை நடத்துகிற உபதேசியார் வீட்டுக்கும் ஆதரவற்ற விதவைகளுக்கும் போகும். சண்டையால் ரங்கூன் அரிசி நின்று, ரேஷன் வந்து, மற்றப் பெண்களின் பிடி விரல் நுனியளவாகச் சுருங்கிப்போன இந்த இரண்டு வருஷத்திலும், தேவகிருபையின் பிடி பழைய பிடியாகவே இருந்தது. அந்த வீட்டில் சோளக் கூழ் காய்ச்சுகிற நாளிலும் கலயத்துக்கு மட்டும் அரிசி விழும். கடாரத்துக்குப் பக்கத்தில் நின்று கலயங்களை வாங்கிக் கவிழ்ப்பது கமிட்டி மெம்பரான என் வேலை. அவர் கலயத்தைக் கவிழ்க்கும்போது மட்டும் சத்தம் நீளமாக இருக்கும்.

எங்கள் வீட்டுச் சங்கதி வேறு. பழைய சோறு எனக்கு ஆகாது. உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் அது கௌரவத்துக்குத்தான் ஒத்துக்கொள்வதில்லை. அதனால் மிஞ்சுகிற சோறு கழுநீர்ப் பானைக்குப் போகும். மார்கழியில் என் மைத்துனர் ராபர்ட் ராஜபாளையத்திலிருந்து குடும்பத்தோடு வந்து மூன்று நாள் தங்கினார். அவர் அங்கே மில்லில் கிளார்க். அரிசிப் பஞ்சம் எங்கள் வீட்டில் இல்லை என்று அவருக்குக் காட்டவேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. "நல்லா அள்ளி வை" என்று என் மனைவி ஞானப்பூவிடம் இலைக்கு இலை சொன்னேன். அவர்கள் புறப்பட்டுப் போன மறுநாள் காலையில் அரைப் பானைச் சோறு தண்ணீரில் மிதந்தது.

அதைக் கழுநீரில் கொட்டுவதற்காக நானே தூக்கிக்கொண்டு போனேன். சுவருக்கு மேலே தேவகிருபையின் தலை தெரிந்தது.

"அண்ணாச்சி, அதைக் கொட்டப் போறியளா?"

"ஆமா. புளிச்சுப்போச்சு."

அவர் பானையைப் பார்த்தார். பிறகு, "கோழிக்குக் குடுங்களேன்" என்றார்.

"நெல்லுச் சோறு திங்கிற கோழியா! குடுத்து வச்ச கோழிதான்" என்றேன்.

அவரும் சிரித்தார். பானையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார். ஒரு மணி நேரம் கழித்துப் பானை திரும்பி வந்தது, கழுவித் துடைத்து. நான் உள்ளே போய் நோட்டில் எழுதினேன்: 'பக்கத்து வீட்டுச் சோற்றில் தன் கோழிக்கு விருந்து வைக்கும் சிக்கனம்.' நல்ல வரியாகப் பட்டது.

அதற்கு அடுத்த ஞாயிறு பிடியரிசி ஞாயிறு. ஞானப்பூவுக்குக் காய்ச்சல், நான் மட்டும் கோயிலுக்குப் போயிருந்தேன். பெண்கள் வரிசையாக வந்தார்கள். தேவகிருபை வந்து கலயத்தை நீட்டினார். அது கைக்கு வந்ததுமே கனமில்லை என்று தெரிந்தது. கவிழ்த்தேன். சத்தம் தொடங்கியதும் முடிந்துவிட்டது. கடாரத்தைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கலயத்தைப் பார்த்தார்கள்.

என் நாக்குக்குப் பரிகாசம் கிடைத்தால் அடக்கிக்கொள்ளத் தெரியாது. "என்னம்மா, ஒங்க சிக்கனம் கர்த்தர் வரைக்கும் வந்துட்டா?" என்றேன், எல்லார் காதிலும் விழும்படி.

நன்றாகச் சிரித்தார்கள். உபதேசியார்கூட வாயைப் பொத்திக்கொண்டார். தேவகிருபை சிரிக்கவில்லை. என்னிடமிருந்து கலயத்தை வாங்கி, மறுபடி கடாரத்தின் மேல் கவிழ்த்து, அடியில் இரண்டு முறை தட்டினார். ஒட்டியிருந்த ஒன்றிரண்டு அரிசி விழுந்தது. வாய் கட்டியிருந்த துணியை மடித்துக் கலயத்துக்குள் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி தம் இடத்துக்குப் போனார்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்ததும் இந்தக் கதையை ஞானப்பூவிடம் சொன்னேன். நான் சொன்னதையும், அதற்கு யார் யார் எப்படிச் சிரித்தார்கள் என்பதையும் நடித்தே காட்டினேன். அவள் கையிலிருந்த அகப்பையைச் சட்டியில் வைத்துவிட்டாள்.

"எல்லாரும் சிரிச்சாவளா?"

"கோயிலே சிரிச்சுது."

"அந்தக் கலயத்து அரிசி ஒங்க வயித்துக்குள்ளல்லா இருக்கு" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. அவள் மெதுவாகச் சொன்னாள்.

"ராபர்ட் வந்த ரெண்டாம் நாளே நம்ம பானையில அரிசி தீந்து போச்சு. ரேஷன் போட மூணு நாள் கெடந்துது. நீங்க கூடத்துல உக்காந்து 'அள்ளி வை, அள்ளி வை'ங்கிய. நான் படியத் தூக்கிட்டுத் தேவகிருபைட்ட ஓடினேன். அங்க சோளக்கூழு கொதிக்கி. 'வீட்ல அரிசி இல்லியே யக்கா'ன்னா. நான் திரும்பிட்டேன். 'செத்த நேரம் நில்லுங்க'ன்னு கூப்பிட்டு, பிடியரிசிக் கலயத்தக் கொண்டாந்து கட்டை அவுத்தா. ஒரு படி, தலை தட்டி அளந்து போட்டா. 'கர்த்தர் வீட்டு அரிசி யக்கா, ஞாயித்துக்கெழமைக்குள்ள போட்டுருங்க'ன்னா. ரேஷன் வந்த அன்னைக்குக் காய்ச்சல்ல படுத்தேன். மறந்தே போனேன்."

தப்பித்துக்கொள்ள எனக்கு ஒரு வழி தெரிந்தது. "அதான் மிச்சச் சோத்தைக் கோழிக்கு வாங்கிட்டுப் போனாளே" என்றேன்.

ஞானப்பூ சட்டியை மூடிவைத்தாள். "எந்தக் கோழிக்கு? நடு மவளுக்கு மருந்து வாங்க ரெண்டு கோழியையும் புரட்டாசியிலேயே வித்துட்டா. நீங்கதான் ஊரு ஆளையெல்லாம் பாத்து எழுதுறவிய!"

கை சோற்றிலேயே நின்றுவிட்டது. மூன்று மாதமாகச் சுவருக்கு அப்பால் ஒரு கோழி கொக்கரிக்கவில்லை. அது என் காதில் விழவில்லை. நான் வீணாக்கிய சோறு எந்த அரிசியில் வெந்தது என்று, அந்தப் பானையைப் பார்த்துக்கொண்டு நின்றபோதே அவருக்குத் தெரியும். தம் பிள்ளைகளுக்கென்று கேட்க வாய் வராமல் கோழிக்கென்று கேட்டார். அதையும் நான் பரிகசித்தேன். அதன் பிறகு கோயிலில் வைத்து மறுபடியும் பரிகசித்தேன். இவ்வளவுக்கும் அந்த அம்மாள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், சிரித்தவர்கள் என் பக்கம் திரும்பியிருப்பார்கள். வெட்கத்தில் உடம்பு கூசுவது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நோட்டை எடுத்து அந்த வரி இருந்த தாளைக் கிழித்தேன். கிழித்தும் ஒன்றும் ஆகவில்லை.

அன்று சாயங்காலமே ரேஷன் அரிசியில் ஒரு படியை உச்சி குவிய அளந்து, அப்படியே குண்டானில் கொட்டி, படியையும் எடுத்துக்கொண்டு இருவரும் போனோம். சுவர் வழியாகக் கொடுக்க மனம் வரவில்லை. தெருவைச் சுற்றி வாசல் வழியாகப் போனோம்.

தேவகிருபை கிழிந்த பாவாடை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தார். ஞானப்பூவின் கையிலிருந்த குண்டானைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "காய்ச்சலோட ஏன் யக்கா வந்திய? பொறவு குடுத்தா ஆகாதா? ஏட்டி, கலயத்த எடுத்துட்டு வா" என்று மூத்த பெண்ணை ஏவினார்.

நான்தான் அளந்தேன். படியைக் கோபுரமாக நிரப்பினேன். அவர் சுட்டுவிரலைப் படியின் வாயில் வைத்து ஓர் இழுப்பு இழுத்தார். குவியல் எங்கள் குண்டானுக்கே திரும்பிவிட்டது. "தலை தட்டித்தான் குடுத்தேன்" என்றார். என் அவசரத்தில் கலயத்தில் கொட்டும்போது கொஞ்சம் வெளியே சிந்தியது.

"நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. எனக்குத் தெரியாம..." என்று ஆரம்பித்தேன். தெரியாமல் என்று சொல்வதே அசிங்கமாக இருந்தது, நிறுத்திவிட்டேன்.

"நீங்க சொன்னதுக்கு ஒண்ணுமில்ல அண்ணாச்சி" என்றார், கலயத்தைப் பார்த்தபடி. "சாமிக்குன்னு எடுத்து வச்சதுல கை போட்டமேன்னுதான் கூசிப்போச்சு. அம்புட்டுப் பேரும் பாக்கையில அவருமே பாக்காருன்னு தோணிச்சு."

"அடுத்த மாசம் கோயில்ல வச்சு நானே சொல்லிருதேன், நடந்தது இதுதான்னு."

"வேண்டாம், வேண்டாம். பொறவு ஞானப்பூக்காவயில்லா எல்லாரும் பாப்பாவ. நான் ஒரு நா நின்னாச்சு. அது போதும்."

சரி என்றேன். சரி என்று சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை என்பதை இன்று வரை நினைத்துக்கொள்கிறேன். அடுத்த மாதமும் கடாரத்துக்குப் பக்கத்தில் நின்றேன், அவர் கலயத்தை வாங்கிக் கவிழ்த்தேன், வாயைத் திறக்கவில்லை. இப்போது இங்கே எழுதுகிறேன். எங்கள் தெருவில் இந்தப் பத்திரிகை வாங்குகிறவன் நான் ஒருவன்தான். போதாததற்குப் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

அன்றைக்கு நாங்கள் புறப்பட எழுந்தபோது அவர் எழவில்லை. தரையில் குனிந்து, நான் சிந்திய அரிசியை எச்சில் படாத விரல் நுனியால் அழுத்தி அழுத்தி ஒவ்வொன்றாக எடுத்தார். பாயின் ஓரத்தைத் தூக்கி, அதன் அடியில் போயிருந்த ஒன்றையும் எடுத்தார். கலயத்தில் போடப்போகிறார் என்று நினைத்தேன்.

"கலயத்துக்கு உள்ளது கலயத்துல வந்துட்டு. இது ஒங்க வீட்டு அரிசி, அண்ணாச்சி" என்று சொல்லி, என் கையை நீட்டச் சொல்லி, உள்ளங்கையில் அந்த ஒன்பது அரிசியையும் வைத்து, சிந்திவிடாதபடி என் விரல்களைத் தாமே மடக்கிவிட்டார்.