தூக்கவிடாத புஷ்பா

புழலில் மகள் வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. புஷ்பாவின் அண்ணன் மகள். "ஐயா, அத்தை பூட்டாங்க" என்றாள். கையைக் கழுவிக்கொண்டு ராயபுரத்துக்கு ஓடினேன். எனக்கு முன்னால் ஒரு மாலை அங்கே வந்து சேர்ந்திருந்தது. அவள் எந்த அலுவலகத்தோடு மல்லுக்கு நின்றாளோ அந்த அலுவலகத்து மாலை. கூட மனிதர் யாரும் வரவில்லை. ஆட்டோக்காரன் வைத்துவிட்டுப் போனானாம். அந்த அலுவலகத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அதற்கு ஒரு மரியாதை வந்துவிடும்.

எஸ்.டி.டி. பூத் புஷ்பாவை உங்களுக்குத் தெரியும். சின்ன வயதிலேயே போலியோவில் இரண்டு காலும் போனவள். மூன்று சக்கர வண்டியைக் கையாலேயே சுற்றிக்கொண்டு வருவாள். துறைமுகத்துக்குள் போக வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிக்காரர்கள் ஊருக்குப் பேச அவளிடம்தான் வந்தாக வேண்டும். தெலுங்கில் அதட்டுவாள், இந்தியில் அதட்டுவாள். கொஞ்சுவது மட்டும் தமிழில், அதுவும் தெருநாயிடம். யாராவது அவளைப் பார்த்து உச்சுக்கொட்டினால், "பாவப்படாத நைனா, வழி வுடு" என்பாள்.

நான் அப்போது அந்த அலுவலகத்தில் கடைநிலை ஊழியன். எட்டாம் வகுப்பில் தோற்றவன். ஆனால் எங்கள் பள்ளியில் என்னைப்போல் கம்பீரமாக யாரும் தோற்றதில்லை. அலுவலகம் ஒரு பழைய கிடங்குக் கட்டடம். மாட்டுவண்டியிலிருந்து மூட்டையை நேராக உள்ளே தள்ள வசதியாக, வெள்ளைக்காரன் அடித்தளத்தை நெஞ்சளவு உயர்த்திக் கட்டியிருந்தான். மூட்டைக்குச் சுகம். மனிதனுக்குச் செங்குத்தான கருங்கல் படி. ஊனமுற்றவர்கள் ஏற முடியவில்லை என்று மனு கொடுத்தால், எங்கள் அதிகாரி எல்லாவற்றுக்கும் ஒரே பதிலை அடித்து அனுப்புவார்: 'தூக்கிச் செல்ல ஆள் உள்ளது. குறை களையப்பட்டது.'

அந்த ஆள் நான்தான். ஒரு கையில் மனுதாரர், மறு கையில் அவருடைய வண்டி, அப்படித்தான் ஏறுவேன். பார்த்தவர்கள் யாராவது உயிரோடு இருந்தால் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதிகாரி தினமும் நீல சஃபாரிதான் போடுவார். நான்கு பாக்கெட், நான்கிலும் பேனா, எதிலும் மை கிடையாது. மூளையும் அதே கணக்கு. தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள் அவருக்குப் புஷ்பாவின் பூத் நடைபாதைக்கு இடைஞ்சல் என்று தோன்றிவிட்டது. பக்கத்திலேயே அதைப்போல மூன்று மடங்கு கொடிமேடை ஒன்று நின்றது. அது இடைஞ்சல் இல்லையாம். அவருடைய அறைக்கு நேரில் வந்து விளக்கம் தராவிட்டால் பூத்தை எடுத்துவிடுவதாக நோட்டீஸ் போனது. படியைப் பற்றி ஏற்கெனவே மனு கொடுத்து, அந்த 'ஆள் உள்ளது' பதிலை வாங்கி வைத்திருந்தவள் அவள்.

வந்தாள். படிக்குக் கீழே வண்டியை நிறுத்தினாள். நான் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு இறங்கினேன்.

"வாம்மா, தூக்கிகினு போறேன்."

"நீதான் இந்த ஆபீசு லிப்டா அண்ணாத்தே?"

"லிப்டுக்குக் கரன்ட் வோணும். எனக்கு ஒரு டீ போதும்."

"வாய் நல்லாத்தான் கீது. கைய எடு. நீ என்னத் தூக்கினா கெலிக்கிறது படிதான்."

"பூத்து பூடுமேம்மா?"

"பூத்துதான் என் சோறு, எனக்குத் தெரியாதா? ஆனா நான் உன் தோள்ல ஏறிட்டேன்னு வெச்சிக்க, அந்தாளு எழுதினது நெசமாப்பூடும். அப்பால வர்றவன் அத்தினி பேரும் உன் மேலயே தொங்கணும்."

மேலே போய் அதிகாரியிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே, "திமிர். வெள்ளிக்கிழமை மேலே வந்தாகணும். இல்லேன்னா பூத்தை லாரியில ஏத்து" என்றார். அதைக் கொண்டுவந்து புஷ்பாவிடம் கொட்டினேன். படியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அண்ணாத்தே, நீ லீவே போட மாட்டியா?"

"நான் லீவு போட்டா ஆபீசு நடக்காதும்மா" என்றேன், பெருமையாகத்தான்.

"அத்தத்தான் நானும் சொல்றேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை எனக்கு வயிற்றுப்போக்கு என்று சொல்லி அனுப்பினேன். என் வயிறு இரும்பு, கல்லைத் தின்றாலும் கரைக்கும். எதிர் டீக்கடையில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டு வேடிக்கை பார்த்தேன். புஷ்பா தனியாக வரவில்லை. காசிமேட்டிலிருந்தும் புளியந்தோப்பிலிருந்தும் மூன்று சக்கர வண்டிகளும் ஊன்றுகோல்களும் வந்து தெருவை அடைத்தன. ஐந்நூறு பேர் இருக்கும். டீக்கடைக்காரன் இருபது என்பான். அவனுக்கு டீயைத் தவிர வேறெதையும் எண்ணத் தெரியாது.

"தூக்க ஆள் கீதுன்னு எழுதிக் குட்த்தியே சார், எங்க அந்த ஆளு?" என்று புஷ்பா கீழிருந்து கத்தினாள்.

சஃபாரி வாசலுக்கு வந்து மற்ற ஊழியர்களை விரட்டினார். ஒருவன், "எனக்கு இடுப்பு புட்ச்சிகினு கீது சார்" என்றான். இன்னொருவன் விவரமானவன். "இன்னிக்குத் தூக்கினா நாளைக்கு என் பேரையும் எழுதிடுவீங்க சார்" என்று ஒதுங்கிக்கொண்டான். கூட்டத்தில் யாரோ, "சார், நீதான் வந்து தூக்கேன்!" என்றார்கள். தெருவே சிரித்தது.

வேறு வழியில்லை. மகாராசா இறங்கி வந்தார். லாரி ஹாரனில் அவர் பேசியது யாருக்கும் கேட்கவில்லை.

"குந்து சார்" என்றாள் புஷ்பா. "அவ்ளோ ஒசரத்துல நின்னா காதுல வுழாது."

குந்தினார். சஃபாரி பின்பக்கம் டர்ரென்று கிழிந்தது என்று எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன்; இங்கேயும் சொல்கிறேன். நடுத்தெருவில், வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியபடியே விசாரணையை முடித்தார். பூத் அங்கேயே இருக்கலாம் என்று கையெழுத்தும் போட்டார், புஷ்பாவின் பேனாவில்.

எனக்கு மெமோ வந்தது. வரட்டுமே! அதன்பிறகு வந்த ஊனமுற்றவர்கள் ஒருவரும் என் கையைத் தொடவில்லை. "அவர எறங்கி வரச் சொல்லு" என்றார்கள். இறங்கி இறங்கிக் குந்தி அவருடைய முட்டி போனது. அடுத்த மழைக்குள் சாய்தளம் கட்டிவிட்டார். அவர்கள் ஏறுவதற்காகக் கட்டினார் என்று நீங்கள் நினைத்தால் நீங்கள் நல்லவர். தான் இறங்காமல் இருப்பதற்காகக் கட்டினார். அதற்கும் ஒரு கல்வெட்டு, அதிலும் தன் பெயர்.

திறப்பு நாளில் ரிப்பன், சாமந்தி, போட்டோக்காரர். முதலில் ஏற புஷ்பாவைக் கூப்பிட்டிருந்தார்கள். ஏறினாள். நேராக அதிகாரியின் அறை வாசலில் வண்டியை நிறுத்தி நிதானமாகப் பார்த்தாள். மின்விசிறியைச் சுற்றி ஒட்டடை. பீரோ மூலையில் வெற்றிலைச் சாறு. மேசைமேல் ஈ மிதக்கும் டீ கிளாஸ்.

"இந்த ரூமுக்கா சார் இத்தினி வருசம் எங்கள வுடாம வெச்சினு இருந்த? என் பூத்து தேவல. தெனம் பெருக்குறேன்."

வண்டியைத் திருப்பிக்கொண்டு இறங்கிவிட்டாள். போட்டோவில் அவளுடைய முதுகுதான் விழுந்தது.

செல்போன் வந்து பூத்தைத் தின்றுவிட்டது. இப்போது அவளும் போய்விட்டாள். அன்றைக்கு அவள் அந்த அறையைப் பார்த்த பார்வை என்னிடம் இருக்கிறது. ஓய்வூதியக் காரியமாகவோ பேரன் பள்ளிக்கூட விஷயமாகவோ எந்தப் பெரிய மனிதருடைய அறைக்குள் நுழைந்தாலும், அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நான் மின்விசிறியைப் பார்க்கிறேன். ஒட்டடை இருக்கிறது. கும்பிடப் போன கை பாதியிலேயே இறங்கிவிடுகிறது.