காக்கிச் சட்டையில் ஓர் ஓட்டை

என் அண்ணிக்குக் கிழிசலைக் கண்டால் ஆகாது. இருபத்திரண்டு வருடமாகத் தையல் கடை நடத்துகிறவள். ஒருமுறை பேருந்து நிறுத்தத்தில் முன்பின் தெரியாத ஒருவரின் கால்சட்டை ஓரம் பிரிந்து தொங்கியது. கைப்பையிலிருந்து ஊசியை எடுத்து, அவர் வண்டி வருவதற்குள் குனிந்து தைத்து முடித்துவிட்டாள். அந்த மனிதர் நன்றி சொல்வதா, ஓடுவதா என்று தெரியாமல் விழித்தார். பக்கத்தில் நின்ற எனக்குத்தான் மானம் போயிற்று. நான் அவள் கணவனின் தங்கை. அவள் கடையில் பட்டன் தைக்கிறவள். அவளைக் கிண்டல் செய்ய எனக்கு இரட்டை உரிமை உண்டு.

இப்படிப்பட்டவளிடம்தான் மாடி வீட்டு பஸ் டிரைவர் தன் கிளியை விட்டுவிட்டுப் போனார். அதற்கு அவர் வைத்த பெயர் முதலாளி. பதினோரு வருடமாக அதைப் பிரிந்து அவர் எங்கும் தங்கியதில்லை. கடல் பார்க்க வேண்டும் என்று அவர் மனைவி மூன்று முறை பயணத்துக்கு ஏற்பாடு செய்தார். கிளிக்குத் தும்மல், கிளிக்கு மனசு சரியில்லை என்று மூன்று முறையும் கட்டிய பெட்டியைப் பிரிக்கும்படி ஆயிற்று. இந்த முறை, பத்து நாள்தானே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அண்ணி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

கிளம்பும்போது அந்த அக்கா அண்ணியைத் தனியாக இழுத்துப் போனார்.

"அது ரெண்டு வேளை சாப்பிடலைன்னு தெரிஞ்சா போதும், அடுத்த வண்டி புடிச்சு வந்துருவாரு. நான் அந்தக் கடலை ஒரு தடவையாவது பாத்துடணும்மா."

சொல்லும்போதே அவர் கண் கலங்கிவிட்டது. ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த எனக்கும்தான்.

டிரைவர் இரண்டு பக்கத்துக்குக் குறிப்பு எழுதி வைத்திருந்தார். எந்தக் கிண்ணம், எத்தனை சூரியகாந்தி விதை, எல்லாம் அதில் இருந்தது. மத்தியானம் அவர் தூங்கும் நேரத்தில் தன் பழைய காக்கிச் சட்டையைக் கூண்டின் மேல் போர்த்துவாராம். அதற்குள் இருந்துகொண்டுதான் முதலாளி சாப்பிடுவாராம். சட்டையை விரித்துப் பார்த்ததும் அண்ணியின் முகம் கோணியது. முதுகில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஓர் ஓட்டை. சட்டையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, காக்கி நூலால் இழை இழையாக அடைத்தாள். ஓட்டை எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை.

போர்த்தினோம். முதலாளி சாப்பிடவில்லை. சட்டையைத் தூக்கிப் பார்த்தால், அடைத்த இடத்தில் நான்கு இழை பிய்ந்திருந்தது. அண்ணிக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். இன்னும் நெருக்கமாக அடைத்தாள். மறுநாள் முதலாளி அதையும் பிய்த்தார். இவள் இரட்டை நூல் போட்டாள். இருவரும் விடாக்கண்டர்கள். இந்தச் சண்டையில் இரண்டு நாளாகத் தண்ணீரைத் தவிர முதலாளியின் வயிற்றுக்குள் எதுவும் போகவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு டிரைவர் போன் செய்வார். அண்ணிக்குப் பொய் வராது. அதனால் அவள் குளிக்கப் போயிருக்கிறாள் என்று முதல் நாள் நான் சொன்னேன். இரண்டாம் நாளும் குளிக்க அனுப்பினேன். மூன்றாம் நாளும் அனுப்பினால் அவர் பெட்டியைத் தூக்கிவிடுவார்.

அன்று மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுக் கூண்டின் எதிரே உட்கார்ந்தோம். சட்டைக்குள் கொஞ்ச நேரம் பிறாண்டும் சத்தம். பிறகு அண்ணி அடைத்த அதே இடத்தில் அலகின் நுனி வெளியே வந்தது. அது உள்ளே போனதும், இழைகளுக்கு நடுவே ஒரு கண். அறையைச் சுற்றிப் பார்த்தது. எங்களைப் பார்த்தது. உள்ளே ஒரு விதை உடைந்தது. அவ்வளவுதான், அண்ணியின் கை தானாக ஊசிக்குப் போயிற்று.

"அண்ணி, ஊசியைக் கீழ வைங்க. அது கிழிசல் இல்ல. டிரைவர் தூங்கறதைப் பாத்துக்கிட்டே சாப்பிட அதுவா போட்டுக்கிட்ட ஜன்னல்."

அண்ணி என்னைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்தாள். தான் அடைத்ததைத் தானே வெட்டி எடுத்ததை இத்தனை வருடத்தில் நான் பார்த்ததே இல்லை. வெட்டிய ஓரத்தை அப்படியே விட அவளால் முடியுமா? கோட்டின் பட்டன் துளைக்குக் காஜா எடுப்பதுபோல் ஓட்டையைச் சுற்றி அழகாக ஓரம் கட்டிவிட்டுத்தான் போர்த்தினாள். கண் வந்தது. அளவு சரியா என்று பார்க்கும் வாடிக்கையாளர்போல அண்ணியை மேலும் கீழும் பார்த்தது. அப்புறம் விதைகள் படபடவென்று உடைய ஆரம்பித்தன. அண்ணி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். எங்கள் இருவருக்கும் அன்றைக்குத்தான் பசி தெரிந்தது.

மணி ஆறாயிற்று. போன் வரவில்லை. ஆறரையும் தாண்டியது. புறப்பட்டே வந்துவிட்டாரோ என்று அண்ணி வாசலுக்கும் கூண்டுக்குமாக நடந்தாள். ஏழு மணிக்குப் போன் அடித்ததும் பாய்ந்து எடுத்து, முதலாளி வயிறு நிறையச் சாப்பிட்டார், நீங்களே கேளுங்கள் என்று மூச்சு விடாமல் சொல்லிப் போனைக் கூண்டுக்குள் விடாத குறையாக நீட்டினாள்.

பேசியது அந்த அக்கா.

"நல்லதும்மா. காலைல தண்ணில எறங்கினவரு, இன்னும் ஒரே ஒரு அலைங்கறாரு. கிளி ஞாபகமே இல்ல மனுசனுக்கு. நானும் மறுபடி எறங்கப் போறேன், வச்சுடட்டுமா?"

பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார்.